தேம்ஸ் கரையை மையில் வரைந்த வெனிஸ்காரர்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் சாமர்செட் ஹவுஸ் என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. அதற்குள் இயங்கும் கோர்டோல்ட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் ஒரு நகரக் காட்சி உண்டு. பழுப்பு மையில் இறகுப் பேனாவால் வரைந்து, மேலே சாம்பல் நிறத்தைத் தூரிகையால் மெல்லப் பூசியது. இடப்பக்கம் ஆற்றை ஒட்டிய தோட்டத்தின் கல்மேடை. அங்கிருந்து கரை வளைந்து வளைந்து கிழக்கே போகிறது. கூரைகளுக்கு நடுவே செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் எழுகிறது. அதைச் சுற்றிலும் தேவாலயக் கூம்புகள். தொலைவில், ஆற்றுக்குக் குறுக்கே, பழைய லண்டன் பாலம். வரைந்தவர் ஜொவான்னி அன்டோனியோ கனால். உலகம் அவரை அறிந்திருப்பது கனலெட்டோ என்ற பெயரில்.

1746-க்கும் 1755-க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் இந்தக் காட்சியை ஒருமுறை மட்டும் வரையவில்லை. இதே இடத்தில் நின்று கிழக்கே நகரத்தை நோக்கி ஒன்று, மேற்கே வெஸ்ட்மின்ஸ்டரை நோக்கி இன்னொன்று என்று இணையாக வரைந்தார். அவற்றை மையிலும் செய்தார், எண்ணெய் வண்ணத்திலும் செய்தார். பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் பலர் 'அந்தக் காலத்துப் புகைப்படம்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு நுணுக்கம் அவற்றில் இருப்பது உண்மைதான். ஆனால் கனலெட்டோ எங்கே கண்ணில் பட்டதை அப்படியே வைத்தார், எங்கே தன் வசதிக்கு மாற்றினார் என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் இந்தப் படங்களின் அருமை முழுதாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

வெனிஸில் பிறந்து வளர்ந்தவர் லண்டனுக்கு ஏன் போனார்? காரணம் போர். 1697-இல் பிறந்த கனலெட்டோ, நாடகத் திரைச்சீலை எழுதும் பெர்னார்டோ கனாலின் மகன். அப்பாவோடு சேர்ந்து மேடைக் காட்சிகள் எழுதித்தான் தொழில் கற்றார். ரோமில் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டியின் இசை நாடகங்களுக்கும் இருவரும் வேலை செய்திருக்கிறார்கள். 1720-களில் நகரக் காட்சிகளுக்கு மாறினார். அப்போது இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் ஐரோப்பாவைச் சுற்றிவருவது வழக்கம். அந்தப் பயணத்தில் வெனிஸ் கட்டாயம் இருக்கும். ஊர் திரும்பும்போது வெனிஸை ஒரு படமாக எடுத்துப்போக அவர்கள் விரும்பினார்கள். இந்த வியாபாரத்துக்கு இடையில் நின்றவர் ஜோசப் ஸ்மித் என்ற ஆங்கிலேய வணிகர். பெருங்கால்வாய்க் கரையில் மாளிகை வைத்திருந்தார். 1744-இல் வெனிஸில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாகவும் ஆனார். கனலெட்டோவுக்கு வேலை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான், தனக்கென்று அதிகமாக வாங்கிக் குவித்ததும் அவர்தான்.

1740-இல் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் வெடித்தது. ஐரோப்பா முழுக்கப் படைகள் நடமாட, ஆங்கிலேயப் பயணிகள் வருவது சுருங்கிப்போனது. வாங்குகிறவர்கள் வரவில்லை என்றால் அவர்கள் இருக்கும் ஊருக்கு நாம் போவோம் என்று முடிவெடுத்து, 1746 மே மாதம் கனலெட்டோ லண்டன் வந்து சேர்ந்தார். அதே போரின் இன்னொரு முனை நம் கடற்கரையில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் லா பூர்தொனேயின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. போர் 1748-இல் முடிந்து, மறு ஆண்டு சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. ஒரே சண்டை ஒரு பக்கம் கோட்டையின் கொடியை மாற்றியது, மறுபக்கம் ஓர் ஓவியரைத் தேம்ஸ் கரைக்குத் தள்ளியது. பதினெட்டாம் நூற்றாண்டை நாடு நாடாகப் பிரித்துப் படிக்கும்போது இப்படிப்பட்ட தொடர்புகள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

லண்டனில் எத்தனையோ இடம் இருக்க, சாமர்செட் ஹவுஸ் தோட்டத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஆற்றின் போக்கு. தெற்கிலிருந்து வடக்கே வரும் தேம்ஸ் இந்த இடத்துக்குப் பக்கத்தில் கிட்டத்தட்டச் செங்கோணமாகக் கிழக்கே திரும்புகிறது. வளைவின் வெளிப்பக்கக் கரையில் நின்றால் ஒரு பக்கம் வெஸ்ட்மின்ஸ்டர், மறுபக்கம் பழைய நகரம் என இரண்டு லண்டனும் தெரியும். ஒன்று நாடாளுமன்றமும் அரண்மனையும் இருக்கும் ஆட்சி நகரம். மற்றொன்று வணிகர்களும் கிடங்குகளும் நிறைந்த பண நகரம். வாழ்நாள் முழுக்க வளைந்த நீர்க்கரைகளைப் பார்த்துப் பழகிய வெனிஸ்காரருக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தால் விடுவாரா?

அன்றைய சாமர்செட் ஹவுஸ் இப்போது நாம் பார்க்கும் கட்டடம் இல்லை. 1547 வாக்கில் சாமர்செட் பிரபு கட்டத் தொடங்கியது அது. பிறகு அரசிகளின் மாளிகையாக இருந்து, கனலெட்டோ வந்த காலத்தில் பழைய பெருமை போய்த் தேய்ந்துகொண்டிருந்தது. 1775-இல் அதை இடிக்க ஆரம்பித்தார்கள். மறு ஆண்டிலிருந்து வில்லியம் சேம்பர்ஸ் வடிவமைத்த இன்றைய கட்டடம் எழுந்தது. ஆக, கனலெட்டோ எந்த மேடையில் நின்று பார்த்தாரோ அதற்கும் அவருடைய படங்கள்தான் சாட்சி.

கிழக்கு நோக்கிய படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதலில் கண்ணில் படுவது செயின்ட் பால். 1666-இன் பெருந்தீயில் பழைய தேவாலயம் எரிந்த பிறகு கிறிஸ்டோபர் ரென் கட்டியது; 1710-இல் முடிந்தது. தரையிலிருந்து உச்சிச் சிலுவை வரை 365 அடி. அப்போது நகரத்தில் அதற்குப் போட்டியே கிடையாது. அதைச் சுற்றிலும் தெரியும் கூம்புகள் பெரும்பாலும் அதே தீக்குப் பிறகு ரென்னின் மேற்பார்வையில் கட்டிய தேவாலயங்களுடையவை. தீயின் நினைவாக எழுப்பிய 202 அடி உயரத் தூணும் வரிசையில் உண்டு. கனலெட்டோ வரைந்தபோது, வானத்தின் பின்னணியில் தெரியும் இந்த நகரத்தின் மேல்விளிம்பு பெரும்பாலும் எண்பது வயதைத் தாண்டாதது. நமக்குப் பழைய லண்டன் என்று தோன்றும் அது அவருக்குப் புது ஊர்.

உண்மையிலேயே பழையது, தொலைவில் இருக்கும் லண்டன் பாலம். 1209-இல் கட்டி முடித்த கல்பாலம். அதன்மேல் வரிசையாக வீடுகளும் கடைகளும் இருந்தன. தூண்களைக் காப்பாற்ற அவற்றின் அடியைச் சுற்றி மரமும் கல்லும் போட்டுப் பருமனாக்கியிருந்தார்கள். அதனால் தண்ணீர் போக வழி மிகக் குறுகிவிட்டது. கடல் வற்றும் நேரத்தில் பாலத்துக்கு மேல்புறம் தண்ணீர் உயர்ந்தும் கீழ்ப்புறம் தாழ்ந்தும் நிற்கும். நடுவில் நீர் அருவி மாதிரி கொட்டும். விவரம் தெரிந்த பயணிகள் பாலத்துக்கு முன்பே படகை விட்டு இறங்கி, நடந்துபோய் மறுபக்கம் ஏறிக்கொள்வார்கள். துணிந்து படகிலேயே போனவர்களில் பலர் மூழ்கியிருக்கிறார்கள். 1756-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, அடுத்த சில ஆண்டுகளில் பாலத்தின் மேலிருந்த வீடுகள் எல்லாம் அகற்றப்பட்டன. கனலெட்டோ இங்கிலாந்தை விட்டுப் போய்ச் சில ஆண்டுகளிலேயே அந்தக் காட்சி உலகத்தில் இல்லை.

இந்தப் பாலம் இன்னொரு வேலையும் செய்தது. உயர்ந்த பாய்மரம் கொண்ட கடல் கப்பல்கள் இதைத் தாண்டி மேலே வர முடியாது. அதனால்தான் படத்தின் ஆற்றுப் பரப்பில் தோணிகளும், சரக்குப் படகுகளும், இரண்டு மூன்று பேர் ஏறும் வாடகைப் படகுகளும் மட்டுமே மிதக்கின்றன. உலக வணிகத்தின் தலைநகரம் என்ற பேர் எடுத்த ஊர், இந்தப் படத்தில் ஓர் அமைதியான ஏரிக்கரை ஊர் போலத் தெரிவதற்கு இதுவும் காரணம். நியூகாசிலிலிருந்து நிலக்கரி ஏற்றிவந்த கப்பல்கள் பாலத்துக்குக் கீழேயே நின்றன. சென்னையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கொண்டுவந்த துணிப் பொதிகள் இன்னும் கீழே, பிளாக்வால் பக்கம், சிறு படகுகளுக்கு மாறி, பாலத்துக்கும் லண்டன் கோபுரக் கோட்டைக்கும் இடையிலிருந்த சுங்கத் துறைகளில் இறங்கின. சோழமண்டலக் கரையின் துணி இந்த நகரத்துக்குள் நுழைந்த வாசல், கனலெட்டோ வரைந்த படத்தின் விளிம்புக்கு வெளியே, ஒரு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

இன்னொன்று: லண்டன் பாலத்துக்கு அடுத்து, மேற்கே அப்போது கட்டி முடியும் நிலையிலிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரைக்கும் ஆற்றின் குறுக்கே ஒன்றுமே இல்லை. பிளாக்பிரையர்ஸ் பாலம் 1769-இல் வந்தது. சாமர்செட் ஹவுஸை ஒட்டியே நிற்கும் வாட்டர்லூ பாலம் 1817-இல். அதுவரை ஆற்றைக் கடக்கவும், கரையோரமாகவே ஓரிடம் விட்டு ஓரிடம் போகவும் படகோட்டிகள்தான் துணை. கல்லும் குழியுமான தெருவில் வண்டியில் குலுங்குவதைவிட ஆற்று வழி சுகம். படத்தில் கரை நெடுகச் சின்னச் சின்னப் படித்துறைகள் தெரிகின்றனவே, அவைதான் அவர்களுடைய நிறுத்தங்கள். அந்தப் படகோட்டிகளின் இளையவர்களுக்காக 1715-இல் தொடங்கிய துடுப்புப் போட்டி ஒன்று, லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரைக்கும், இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டரில் பாலம் கட்டும் யோசனையைப் படகோட்டிகள் பல காலம் எதிர்த்தார்கள். பிழைப்பு போய்விடும் என்ற அவர்கள் பயம் நியாயமானது. கடைசியில் 1736-இல் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது. பணத்துக்கு லாட்டரி கூட நடத்தினார்கள். சார்லஸ் லாபெல்யே என்ற சுவிஸ் நாட்டுப் பொறியாளரின் வடிவமைப்பில் 1739-இல் வேலை தொடங்கி, 1750 நவம்பரில் பாலம் திறந்தது. கனலெட்டோ வந்து இறங்கியபோது ஊரே பேசிக்கொண்டிருந்த விஷயம் இதுதான். பாலத்தின் பொறுப்பாளர் குழுவில் இருந்த ஹியூ ஸ்மித்சன் அவருடைய முதல் புரவலர்களில் ஒருவர். வளைவு கட்டுவதற்கான மரச்சாரத்தையே படச்சட்டமாக வைத்து, அதன் வழியாக நகரத்தைப் பார்ப்பது போல 1747-இல் ஸ்மித்சனுக்காகக் கனலெட்டோ ஒரு படம் எழுதினார். மேலேயிருந்து ஒரு வாளி கயிற்றில் தொங்குகிறது. வேலை நடக்கிற இடத்தின் உயிர் அந்த வாளியில் இருக்கிறது.

இனி மைக்கு வரலாம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் எழுதவும் வரையவும் பரவலாகப் பயன்பட்ட மை, நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் பொருள்களால் ஆனது: மாசிக்காய், அன்னபேதி, கொஞ்சம் வேலம்பிசின். மாசிக்காயை இடித்து ஊறவைத்து எடுத்த துவர்ப்பு நீர், அன்னபேதியிலுள்ள இரும்போடு சேர்ந்து கருக்கிறது. பிசின், மை கட்டியாக அடியில் தங்காமல் பார்த்துக்கொள்கிறது. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கறுக்கும். நூறு, இருநூறு ஆண்டு போனால் பழுப்பாகும். பழைய கோட்டோவியங்களில் இன்று நமக்கு இதமாகத் தெரியும் அந்தப் பழுப்பு, பல நேரம் காலம் கொடுத்த நிறம். வரைந்த அன்று கோடுகள் இன்னும் கறுப்பாக, இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். இந்த மைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அதிலுள்ள அமிலமும் இரும்பும் காகிதத்தை அரிக்கும். அழுத்தி எழுதிய இடங்களில் கோடு போன வழியே தாள் உடைந்துபோன ஓவியங்கள் பல நாட்டுச் சேகரிப்புகளில் இருக்கின்றன.

கனலெட்டோ வேலை செய்த முறை தாளிலேயே பதிந்திருக்கிறது. முதலில் பென்சில். கட்டடங்களின் நீண்ட விளிம்புகளுக்கு அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள். மையில்லாத கூர்முனையால் கீறிய தடங்கள். அளவெடுத்ததைக் குறிக்க ஊசியால் குத்திய சிறு புள்ளிகள். அதன்மேல்தான் இறகுப் பேனா ஓடும். அளவுகோல் வைத்த அதே விளிம்பின் மேல் மைக்கோடு போகும்போது அளவுகோல் இருக்காது; கை லேசாக நடுங்கியபடி, நின்று நின்று போகும். அதனால்தான் அவர் கட்டடங்கள் பொறியாளரின் வரைபடம் போல விறைத்து நிற்பதில்லை, வெயிலில் நிற்கின்றன.

ஆரம்ப காலத்தில் நிழலையும் பேனாவாலேயே போட்டார். நெருக்கமாகச் சாய்கோடுகள், சில இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக. 1740-களில் இருந்து தூரிகையால் சாம்பல் பூச்சுக் கொடுப்பது அதிகமானது. லண்டன் படங்கள் இந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தவை. ஒருபுறச் சுவர்களில் மட்டும் மெல்லிய சாம்பல். மறுபுறத்தில் வெறும் காகிதம். அந்த வெறும் காகிதம்தான் வெயில். கறுப்பு மையை வைத்துக்கொண்டு வெளிச்சத்தை வரைவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சுவர்களைத்தான் காட்டுவேன். தண்ணீருக்குச் சின்னச் சின்ன வளைகோடுகள். அருகில் பெரியதாக, தள்ளித் தள்ளிப் போகப் போகச் சிறியதாகி மறைந்துவிடும். மனிதர்கள் இரண்டு மூன்று சுழிப்பில் முடிந்துவிடுகிறார்கள். ஆனாலும் யார் பேசிக்கொண்டிருக்கிறார், யார் துடுப்பு வலிக்கிறார் என்று தெளிவாகத் தெரியும்.

இப்போது பெரிய கேள்வி. இவ்வளவு துல்லியமாக வரைய அவர் ஏதாவது கருவி வைத்திருந்தாரா? கேமரா அப்ஸ்கியூரா என்ற இருட்டுப்பெட்டி அப்போது நன்கு அறிமுகமாகியிருந்தது. வில்லை வழியாக உள்ளே வரும் ஒளி, எதிரே இருக்கும் காட்சியைத் தாள்மேல் விழவைக்கும். அதன்மேல் கோடு இழுத்தால் போதும். வெனிஸின் கொர்ரேர் அருங்காட்சியகத்தில் 'ஏ. கனால்' என்று பெயர் பொறித்த பெட்டியே ஒன்று இருக்கிறது. அவர் இறந்த சில ஆண்டுகளில் வெனிஸ் ஓவியத்தைப் பற்றி எழுதிய சானெட்டி என்பவர், இந்தக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தவும் அது செய்யும் பிழைகளைக் கண்டுகொள்ளவும் கற்றுக்கொடுத்தவர் கனலெட்டோ என்று பாராட்டுகிறார். வெனிஸ் அக்காடெமியா கலைக்கூடத்தில் அவருடைய குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் பெருங்கால்வாயின் வீடுகள் பக்கம் விட்டுப் பக்கம் தொடர்ச்சியாக ஓடுகின்றன; கூடவே நிறங்களைப் பற்றியும் கடைகளைப் பற்றியும் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சிறு குறிப்புகள். அந்தக் கோடுகள் கருவியின் உதவியால் வந்தவை என்று பல காலம் சொல்லப்பட்டது.

ஆனால் அரச சேகரிப்பின் ஆய்வாளர்கள் 2017-இல் நடந்த கண்காட்சியை ஒட்டி அவருடைய மை ஓவியங்களை அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தபோது, மைக்கு அடியில் இருந்த பென்சில் வேலை தெளிவாகத் தெரிந்தது: அளவுகோல் கோடுகள், கையாலேயே தேடித் தேடிப் போட்ட திருத்தங்கள். பெட்டியில் விழுந்த பிம்பத்தை நகலெடுத்தவரின் கோடு இப்படி இருக்காது என்பது அவர்கள் வாதம். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. பெட்டியை அவர் அறிந்திருக்கலாம், எப்போதாவது உபயோகித்தும் இருக்கலாம். விற்பனைக்குப் போன இந்தப் பெரிய ஓவியங்கள் மேசையில் உட்கார்ந்து, குறிப்புகளை வைத்துக் கட்டியெழுப்பியவை.

கட்டியெழுப்பியவை என்றால் மாற்றங்களும் இருக்கும்தானே. வெனிஸின் சான் மார்கோ நீர்ப்பரப்பைக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற எண்ணெய் ஓவியம், இப்போது பாஸ்டனில் இருப்பது, ஒரே இடத்தில் நின்று பார்த்தால் அகப்படாத அகலம் கொண்டது. ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளில் பார்த்ததைத் தடம் தெரியாமல் இணைத்திருக்கிறார். லண்டனில் இதைவிடத் துணிச்சல். நகரத் தலைவரின் படகு ஊர்வலத்தைக் காட்டும் 1747 ஓவியத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் முழுதாக முடிந்து நிற்கிறது. நடு வளைவின் மேல் ஆற்றுத் தெய்வங்களின் சிலைகள் வேறு. உண்மையில் அப்போது பாலம் முடியவில்லை. அந்தச் சிலைகள் திட்டத்தில் இருந்தன, கடைசிவரை வைக்கப்படவே இல்லை. அப்புறம் அவருடைய லண்டன் வானம்! பல பத்தாண்டுகளாகவே நிலக்கரிப் புகை பற்றிப் புலம்பிய ஊர் அது. கனலெட்டோவின் காட்சிகளில் புகை ஏறக்குறைய இல்லை. வெனிஸின் வெளிச்சத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

இதையெல்லாம் வைத்து அவரைப் பொய்யர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1745 ஏப்ரல் 23-ஆம் நாள் வெனிஸின் சான் மார்கோ மணிக்கூண்டில் இடி விழுந்தது. மணிக்கூண்டின் பெயர்ந்த சுவரையும், அதைச் சரிசெய்ய உயரத்தில் தொங்கிய வேலையாட்களின் மேடையையும் அவர் மையில் வரைந்து, இடி விழுந்த நாளையும் எழுதி வைத்தார். அது ஒரு செய்தியாளரின் வேலை. இன்னும் வலுவான சாட்சியம் விஞ்ஞானிகளிடமிருந்து வந்தது. வெனிஸின் கால்வாய்ச் சுவர்களில் ஏற்றநீர் எட்டும் உயரம் வரை பாசி படியும். கனலெட்டோவும் அவருடைய சகோதரி மகன் பெர்னார்டோ பெல்லோட்டோவும் அந்தப் பச்சை விளிம்பை வீட்டுக்கு வீடு கவனமாக வரைந்திருக்கிறார்கள். டாரியோ கமுஃபோ என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதையும் அதே சுவர்களில் இன்றைய பாசி உயரத்தையும் ஒப்பிட்டு, இடைப்பட்ட காலத்தில் வெனிஸ் சுமார் 60 செ.மீ. அளவு நீருக்குள் இறங்கியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அளவைக் கருவிகள் பதிவு செய்யத் தொடங்குவதற்கு முந்தைய காலத்தைப் பற்றி இப்படி ஒரு தகவல் வேறெங்கே கிடைக்கும்?

ஆக, தூரங்களும் கோணங்களும் அவர் கையில் இளகின. ஒரு கட்டடத்தின் ஜன்னல், சுவரின் கறை, படியின் தேய்மானம் ஆகியவற்றில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வீடுகளை நெருங்க வைக்கவும் விலக்கவும் செய்வார். வீட்டை மாற்றுவது அபூர்வம். நாடகத் திரைச்சீலை எழுதியவரின் மகன் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. மேடையில் தூரத்தை எப்படி வேண்டுமானாலும் காட்டலாம், ஆனால் கதவு கதவாகத் தெரிய வேண்டும்.

இந்த மாதிரிப் படங்களை நம்பிக் கட்டடமே கட்டிய கதையும் உண்டு. பெல்லோட்டோ பிற்காலத்தில் வார்சாவில் போலந்து மன்னரின் ஓவியராக இருந்து, அந்த ஊரைத் தெருத் தெருவாக எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை வார்சாவைத் தரைமட்டமாக்கியது. போருக்குப் பிறகு நகரத்தை மீண்டும் எழுப்பியவர்கள் பழைய அளவைப் படங்களோடு பெல்லோட்டோவின் ஓவியங்களையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர் அழகுக்காகச் செய்திருந்த சில மாற்றங்களும் அப்படியே கல்லாகவும் காரையாகவும் எழுந்துவிட்டன. ஓவியம் நகரத்தைப் பின்பற்றியது போய், நகரம் ஓவியத்தைப் பின்பற்றியது.

இந்த மை ஓவியங்களை எண்ணெய் ஓவியத்துக்கான முன்தயாரிப்பு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. இவற்றில் பல, முழுமையாக முடித்து, தனியாகவே விற்ற சரக்கு. எண்ணெய் ஓவியம் வாங்க வசதி இல்லாதவரும், தாளில் வரைந்ததை விரும்பிச் சேர்ப்பவரும் வாங்குவார்கள். அதே வடிவத்தை வைத்துச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தால் இன்னும் பல நூறு பேருக்குப் போகும். தேவைப்பட்டால் அதே காட்சியை மீண்டும் வரைந்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். தேம்ஸ் காட்சிகள் இத்தனை வடிவங்களில் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

லண்டன் வாழ்க்கை அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. சோஹோவில், இப்போது பீக் தெரு என்று சொல்லும் இடத்தில் வாடகைக்கு இருந்தார். அவருடைய லண்டன் படங்களைப் பார்த்த சிலர், வெனிஸின் உண்மையான கனலெட்டோ இவர்தானா என்றே சந்தேகப்பட்டார்கள். அந்தப் பேச்சை, அன்றைய லண்டன் கலையுலகச் செய்திகளை எழுதிவைத்த ஜார்ஜ் வெர்ட்யூ தன் குறிப்புகளில் பதிந்து வைத்திருக்கிறார். 1749-இல் கனலெட்டோ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் காட்சி ஒன்றைத் தாம் தங்கியிருக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கலாம் என்று. ஐம்பது வயது தாண்டிய, ஐரோப்பா முழுக்கப் பேர் பெற்ற கலைஞர் இப்படித் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

இடையில் ஊருக்குப் போய்வந்த அவர் 1755 வாக்கில் வெனிஸுக்கே திரும்பிவிட்டார். அவர் வரைந்த லண்டன் காட்சிகள் சிலவற்றை அங்கே வாங்கிக்கொண்டவர் பழைய ஜோசப் ஸ்மித்தான். தேம்ஸ் நதி கொஞ்ச காலம் பெருங்கால்வாயின் கரையில் குடியிருந்தது என்று சொல்லலாம். 1762-இல் பணமுடையில் இருந்த ஸ்மித், தன் ஓவியங்களையும் மற்றக் கலைப்பொருள்களையும் 20,000 பவுண்டுக்கு இளம் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு விற்றார். அதில் கனலெட்டோவின் எண்ணெய் ஓவியங்கள் சுமார் ஐம்பது, தாளில் வரைந்தவை 140-க்கு மேல். லண்டனில் பிறந்த காட்சிகள் வெனிஸ் போய் மறுபடி இங்கிலாந்துக்கே வந்து சேர்ந்தன. ஆல்பங்களுக்குள் வெளிச்சம் படாமல் மூடியே இருந்ததால் அந்தத் தாள்கள் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன.

கனலெட்டோவின் கையும் கண்ணும் கடைசிவரை தளரவில்லை. 1766-இல் சான் மார்கோ தேவாலயத்துக்குள் பாடகர்கள் பாடுவதை மையில் வரைந்துவிட்டு, 68 வயதில் கண்ணாடி போடாமல் வரைந்தது என்று பெருமையாகக் கீழே எழுதினார். அந்தத் தாள் இப்போது ஹாம்பர்க்கில் இருக்கிறது. 1768-இல் இறந்தார்.

அவர் வரைந்த நீர்க்கரை என்ன ஆனது? சேம்பர்ஸ் கட்டிய புது சாமர்செட் ஹவுஸுக்கு ஆற்றுப் பக்கம் ஒரு பெரிய வளைவு உண்டு. படகுகள் அதன் வழியாகக் கட்டடத்துக்கு அடியிலேயே நுழையும். 1858 கோடையில் சாக்கடை நாற்றம் தாங்க முடியாமல் நாடாளுமன்றமே திணறிய பிறகு, ஜோசப் பசல்ஜெட் நகரம் முழுக்கக் கழிவுநீர்க் குழாய்கள் போட்டார். அதன் பகுதியாக 1860-களில் தொடங்கி 1870-இல் முடிந்தது விக்டோரியா கரைச்சாலை. ஆற்றின் விளிம்பை நிரப்பி, உள்ளே சாக்கடைக் குழாயும் சுரங்க ரயிலும், மேலே சாலையும் அமைத்தார்கள். கனலெட்டோ காட்டும் மரக்கிடங்குகள், படித்துறைகள், கோணல்மாணலான சுவர்கள் எல்லாம் அந்த மண்ணுக்கு அடியில் போய்விட்டன. சேம்பர்ஸின் நீர்வாசல் இன்று சாலையோரத்தில் தண்ணீர் இல்லாமல் நிற்கிறது. அந்தச் சாலையால் ஊருக்குக் கிடைத்த நன்மை பெரிது. காலரா ஓய்ந்ததில் அந்தக் குழாய்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆறும் ஊரும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு விளிம்பு போனது போனதுதான். அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் படங்களை நாடித்தான் ஆக வேண்டும்.

மை ஓவியங்களை வெளிச்சத்தில் நிரந்தரமாக மாட்டி வைக்க முடியாது. அதனால் லண்டன் போனாலும் இவை காட்சியில் இருக்கும் என்பது நிச்சயமில்லை. அரச சேகரிப்பும் கோர்டோல்டும் தங்கள் இணையதளங்களில் நல்ல தரமான படங்களை வைத்திருக்கின்றன, இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும்போது செயின்ட் பாலை விட்டுவிட்டு, கரையோரக் கட்டடங்கள் தண்ணீரைத் தொடும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேதான் பேனா மிகப் பொறுமையாக வேலை செய்திருக்கிறது.